ஐந்தாம் அத்தியாயம்: ரேடியோவை விமானத்துக்குள் குடிவைத்தல்

தேயிலைச் செடிகளுக்கு நடுவிலிருந்து உடைந்த விமானத்தைத் தூக்கிக்கொண்டு வருகிற பிள்ளைகள் எல்லாரும் ஒரே காரணத்தைத்தான் சொல்வார்கள். "சிக்னல் போயிருச்சுண்ணே." என் முதல் விமானம் விழுந்த அன்று நானும் அதையேதான் சொன்னேன். வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்துப் பார்த்தபோது, ரிசீவருக்குக் கரன்ட் கொண்டுபோகும் பிளக் பாதி கழன்று நின்றது. முதல்நாள் இரவு அவசரத்தில் நான் செருகிய பிளக் அது.

அதற்குப் பிறகு விழுந்த விமானங்கள் பலவற்றைப் பிரித்துப் பார்த்துவிட்டேன். கழன்ற பிளக், களிம்பு பிடித்த முனை, நசுங்கிய ஏரியல், களைத்துப்போன பெட்டரி, திருகு தளர்ந்த சேர்வோ. பெரும்பாலும் இவற்றில் ஏதோ ஒன்றுதான். விமானத்தின் விதி மேசையில் எழுதப்படுகிறது. மைதானத்தில் நாம் அதைப் படித்துத் தெரிந்துகொள்கிறோம், அவ்வளவுதான். ஆகவே இந்த அத்தியாயத்தில் மேசையை விட்டு அதிகம் நகரப் போவதில்லை. மஸ்கெலியாவில் இருப்பவர்களுக்கு மேசை வேலை இன்னும் ஒரு மடங்கு அதிகம். கொழும்பிலோ சென்னையிலோ எழுதப்பட்ட எந்தக் கையேடும் நம்முடைய ஈரத்தையும் நம்முடைய மலை மடிப்புகளையும் கணக்கில் எடுப்பதில்லை.

பெட்டியில் இருப்பவை

கையில் பிடிப்பது டிரான்ஸ்மிட்டர். விமானத்துக்குள் இருப்பது ரிசீவர். ரிசீவர் கேட்டதைச் செய்து முடிக்கும் சிறிய கைகள் சேர்வோக்கள். மோட்டாரின் வேகத்தை ஆள்வது ஈ.எஸ்.சி. இவை எல்லாவற்றுக்கும் உயிர் கொடுப்பது பெட்டரி.

1937இல் அமெரிக்காவில் வோல்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் ரேடியோவால் இயங்கும் 'கஃப்' என்ற மாதிரி விமானத்தைப் பறக்க விட்டார்கள். அது இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அதன் பிறகு நீண்ட காலம் இந்தப் பொழுதுபோக்கு 27, 35, 72 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசைகளில் நடந்தது. ஒரே மைதானத்தில் இரண்டு பேர் ஒரே அலைவரிசையைப் போட்டுவிட்டால் ஒருவருடைய விமானம் நிச்சயம் விழும். இன்று நீங்கள் வாங்கும் செட் பெரும்பாலும் 2.4 கிகாஹேர்ட்ஸில் வேலை செய்யும். டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டு, அலைவரிசைக்குள் இடம் மாறி மாறிப் பேசிக்கொள்வதால், பக்கத்தில் இன்னொருவர் பறக்க விட்டாலும் பிரச்சினை வராது. பழைய 27 மெகாஹேர்ட்ஸ் விளையாட்டுச் சாமான்களின் உள்ளுறுப்புகளைக் கழற்றி விமானத்தில் போட்டு முயல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கெட்டித்தனத்தை மதிக்கிறேன். ஆனாலும் பறப்பதற்கு அது வேண்டாம்; மேசையில் படித்துப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மேசையில் உட்காரும்போது இரண்டு பழக்கங்களைக் கைக்குப் பழக்கிவிடுங்கள். முதலாவது, காற்றாடியைக் கழற்றிவிட்டுத்தான் பெட்டரியைச் செருக வேண்டும். தட்டுத்தவறி ஸ்டிக்கில் விரல் பட்டால் சுழலப்போவது வெறும் தண்டு மட்டுமாக இருக்கட்டும். இரண்டாவது, போடும்போது டிரான்ஸ்மிட்டர் முதலில், நிறுத்தும்போது டிரான்ஸ்மிட்டர் கடைசியில்.

ஏரியல்

புதியவர்கள் அதிகம் கவனிக்காத உறுப்பு இது. ரிசீவரிலிருந்து வால்போல வெளியே வரும் மெல்லிய வயரைப் பார்த்துவிட்டு, நீளமாக இருக்கிறதே என்று சுருட்டி உள்ளே திணித்துவிடுகிறார்கள்.

2.4 கிகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 சென்ரிமீட்டர். அதில் கால் பங்கு 31 மில்லிமீட்டர். ஏரியல் வயரின் நுனியில் வெளியுறை நீக்கப்பட்டிருக்கும் அந்த 31 மில்லிமீட்டர்தான் காது. அதற்கு முந்திய தடித்த பகுதி வெறும் பாதை. ஆகவே பாதையை எப்படி வேண்டுமானாலும் மெதுவாக வளைத்துக் கொண்டுபோகலாம். கூர்மையாக மடிக்க மட்டும் கூடாது. காது நேராக, எதிலும் சுற்றாமல், எதனோடும் உரசாமல் நிற்க வேண்டும். நுனியை வெட்டிவிட்டால் அந்த ரிசீவர் தூரத்துக்குச் செவிடு.

இரண்டு ஏரியல் உள்ள ரிசீவராக இருந்தால் இரண்டையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, தமிழ் 'ட' எழுத்துப் போல நிறுத்துங்கள். ஒன்று உடலின் நீளத்தோடு போகட்டும், மற்றது மேல்நோக்கி நிற்கட்டும். விமானம் எந்தப் பக்கம் சரிந்தாலும் இரண்டில் ஒன்றுக்காவது உங்கள் குரல் கேட்கும். காது தளர்ந்து தொங்காமலிருக்க, குளிர்பானம் குடிக்கும் பிளாஸ்டிக் குழாயில் ஒரு துண்டை வெட்டி, உடலில் பசைபோட்டு ஒட்டி, அதற்குள் நுனியைச் செருகி வைக்கலாம். செலவே இல்லாத வேலை.

ஏரியலுக்கு ஆகாதவை மூன்று: உலோகம், கார்பன், தண்ணீர். ரிஜிஃபோமும் மூங்கிலும் பல்சா மரமும் ரேடியோவுக்குக் கண்ணாடி மாதிரி, அப்படியே ஊடுருவிப் போகும். ஆனால் இறக்கைக்குப் பலம் சேர்க்கப் பழைய தூண்டில் தடியின் கார்பன் குழாயைப் போடுகிறீர்கள் என்றால், அதிலிருந்து ஏரியல் சில அங்குலமாவது தள்ளி நிற்க வேண்டும். அழகுக்காக ஒட்டும் வெள்ளித் தாளும் அப்படித்தான். அந்தத் தாள் சுற்றிய உடலுக்குள் ரிசீவரை வைப்பது, தகர டின்னுக்குள் உட்கார்ந்து வெளியே பேசுகிறவரைக் கேட்க முயல்வதைப் போன்றது. பெட்டரியும் மோட்டார் வயரும் ரிசீவருக்குப் பக்கத்துவீடாக இருக்கக் கூடாது.

டிரான்ஸ்மிட்டரின் ஏரியலுக்கும் ஒரு குணம் உண்டு. அலை பக்கவாட்டில் நன்றாகப் பரவும். நுனி நோக்கும் திசையில் மிகக் குறைவாகத்தான் போகும். விமானத்தை நோக்கி ஏரியலைக் குத்திக் காட்டுவது இயல்பாக வரும் பழக்கம், அதை விட்டுவிடுங்கள். ஏரியலை மடித்துப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டால் போதும்.

பெட்டரி, ஈ.எஸ்.சி.

லித்தியம் பொலிமர் பெட்டரியின் ஒரு செல்லுக்குச் சராசரி 3.7 வோல்ட், முழுதாக ஏறினால் 4.2. மூன்று செல் பெட்டரி முழுதாக ஏறியிருந்தால் 12.6 வோல்ட் காட்டும். எந்தச் செல்லும் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது, இறங்கினால் அது பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. பறந்து இறங்கிய பிறகு, ஆறவிட்டு அளந்தால் செல்லுக்கு 3.7 வோல்ட்டாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த தடவை ஒரு நிமிடம் முன்பே இறக்குங்கள். செல் பார்க்கும் சிறிய மீட்டர் விலை குறைந்த சாமான். விமானம் வாங்கும் நாளிலேயே அதையும் வாங்கிவிடுங்கள்.

குளிரில் இந்தப் பெட்டரிகள் சோம்பிப்போகும். டிசம்பர், ஜனவரி விடியலில் மஸ்கெலியாவின் குளிர் உங்களுக்குத் தெரியும். காலைப் பறப்புக்குப் போகும்போது பெட்டரியை ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு போங்கள். விமானத்தில் வைத்தே இரவு முழுக்கக் குளிர விட்ட பெட்டரி, ஏறும்போது பாதி வழியில் மூச்சு வாங்கும்.

இனி இந்த அத்தியாயத்தில் நான் மிகவும் கவலையோடு எழுதும் பகுதி. சார்ஜ் ஏறும்போது லித்தியம் பெட்டரி தீப்பிடிக்கலாம். தனி வீட்டில் இருப்பவருக்கு அது அவருடைய வீட்டுப் பிரச்சினை. லயத்தில் அப்படியில்லை. ஒரே கூரை, பலகைத் தட்டு, பக்கத்து அறையில் விறகு, துணிமணி, தூங்கும் பிள்ளைகள். ஓர் அறையில் பற்றிய தீ அந்த அறையோடு நிற்பதில்லை என்பதை மலைநாட்டில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆகவே சார்ஜ் போடுவது இஸ்தோப்பில், சிமெந்துத் தரையில், மண்சட்டிக்குள் வைத்து. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். இரவில் போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது. செல்களைச் சமப்படுத்தும் சார்ஜரைத்தான் பாவிக்க வேண்டும், 2200 எம்.ஏ.எச். பெட்டரிக்கு 2.2 அம்பியருக்கு மேல் ஏற்ற வேண்டாம். விழுந்து நசுங்கியதையும் உப்பிப்போனதையும் மறுபடி சார்ஜ் செய்யவே கூடாது. அதை வீட்டுக்கு வெளியே மணல் போட்ட சட்டியில் வையுங்கள், கார் பல்ப் ஒன்றைக் கொடுத்து மெதுவாக வெறுமையாக்குங்கள், பிறகு அப்புறப்படுத்துங்கள். அடுப்பிலோ குப்பை எரிக்கும் இடத்திலோ போடாதீர்கள்.

சிறிய விமானங்களில் ரிசீவருக்கும் சேர்வோக்களுக்கும் வேண்டிய 5 வோல்ட்டை ஈ.எஸ்.சி.க்குள் இருக்கும் பி.ஈ.சி. என்ற பகுதி தருகிறது. எல்லாச் சேர்வோவும் ஒரே நேரத்தில் இழுக்கும்போது அதனால் தாங்க முடியாமல் வோல்ட் விழுந்தால், ரிசீவர் ஒரு கணம் அணைந்து மறுபடி எழும். மைதானத்தில் நிற்பவருக்கு இது அச்சு அசல் சிக்னல் போனதைப் போலவே தெரியும். கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. காற்றாடியைக் கழற்றிய விமானத்தில் எல்லா ஸ்டிக்கையும் ஒரே நேரத்தில் ஒரு நிமிடம் குலுக்குங்கள், ரிசீவரின் சிறிய விளக்கைக் கவனியுங்கள். அது கண் சிமிட்டினால் பி.ஈ.சி. போதாது. குறைந்த சேர்வோ, அல்லது தனி பி.ஈ.சி. என்று யோசிக்க வேண்டும்.

சேர்வோக்கள்

சேர்வோவுக்கு ரிசீவர் அனுப்புவது சிறு சிறு துடிப்புகள். 1.5 மில்லிசெக்கன் நீளமான துடிப்பு வந்தால் அது நடுவில் நிற்கும். 1 மில்லிசெக்கன் ஒரு கோடி, 2 மில்லிசெக்கன் மறு கோடி. ஆகவே சேர்வோவின் தண்டில் கையை மாட்டுவதற்கு முன் ரேடியோவைப் போட்டு, நுண்ணிய திருத்தத்துக்கான டிரிம் எல்லாம் நடுவில் வைத்து, சேர்வோவை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். அதன் பிறகு கையைச் செங்குத்தாக மாட்டித் திருகைப் போடுங்கள். சிலர் கையை ஏதோ ஒரு கோணத்தில் மாட்டிவிட்டு மிச்சத்தை டிரான்ஸ்மிட்டரில் சரிக்கட்டுவார்கள். ஒரு பக்கம் போதாமலும் மறு பக்கம் மிஞ்சியும் போகும் விமானங்கள் பல அப்படிப் பிறந்தவைதான்.

வயர் நிறம் மாறினாலும் வரிசை மாறாது: கறுப்பு அல்லது பழுப்பு மைனஸ், நடுவில் சிவப்பு பிளஸ், வெள்ளை அல்லது மஞ்சள் அல்லது செம்மஞ்சள் சிக்னல்.

ரிஜிஃபோம் விமானத்தில் சேர்வோவைச் சூட்டுப் பசையால் ஒட்டுவது வழக்கம். நேரே ஒட்டாமல், முதலில் சேர்வோவின் உடலைச் சுற்றி ஒரு சுற்று டேப் போட்டு, டேப்பின் மேல் பசை போடுங்கள். நாளைக்குக் கழற்றும்போது சேர்வோ முழுசாக வரும். நம்முடைய குளிரில் சூட்டுப் பசை விறைத்து, பளபளப்பான பிளாஸ்டிக்கிலிருந்து சத்தமில்லாமல் விட்டுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒவ்வொரு முறையும் பறக்க முன் சேர்வோவை விரலால் அசைத்துப் பார்ப்பது கட்டாயம். மர விமானமாக இருந்தால் சேர்வோவோடு வரும் ரப்பர் வளையத்தையும் பித்தளைக் குழலையும் எறிந்துவிடாதீர்கள். மோட்டாரின் நடுக்கத்தை வாங்கிக்கொள்வது அந்த ரப்பர்தான். திருகை இறுக்கும்போது ரப்பர் நசுங்காமல் காப்பது பித்தளை.

வாலுக்குப் போகும் நீளமான தள்ளுகம்பி வளையக் கூடாது. நல்ல காய்ந்த மூங்கிலைச் சீவி, இரண்டு முனையிலும் 1 மில்லிமீட்டர் எஃகுக் கம்பியை நூலால் இறுகச் சுற்றிப் பசை விட்டால், கடையில் வாங்குவதை விட இலேசான தள்ளுகம்பி கிடைக்கும். பச்சை மூங்கில் காயக் காய வளையும். நடு நிலையும் அதோடு நகர்ந்துவிடும். இன்னொன்று: நீட்டிப்பு வயரின் பிளக்குகள் சந்திக்கும் இடத்தில் நூலால் ஒரு கட்டுப் போடுங்கள். என் முதல் விமானத்தில் அப்படிக் கட்டவேண்டிய இடம் இருந்தது.

கடைசியில் திசை பார்ப்பது. விமானத்துக்குப் பின்னால் நின்று பாருங்கள். ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளினால் வலது இறக்கையின் எய்லரோன் மேலே எழ வேண்டும். ஸ்டிக்கை உங்கள் பக்கம் இழுத்தால் வாலிலுள்ள எலிவேற்றர் மேலே எழ வேண்டும். பழுது பார்த்த பிறகு, பிளக் ஒன்றைக் கழற்றி மாட்டிய பிறகு, டிரான்ஸ்மிட்டரில் வேறு விமானத்தின் நினைவைத் தெரிவு செய்த பிறகு, எல்லா முறையும் இதைச் செய்யுங்கள். எய்லரோன் தலைகீழாகப் போன விமானத்தை அனுபவசாலியாலும் காப்பாற்றுவது கடினம்.

ஈரம்

மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் செப்டம்பர் வரை நமக்குச் சுவரும் வேர்க்கும். சப்பாத்தில் பூஞ்சணம் பூக்கும். அந்த வீட்டில்தான் ரிசீவரும் இருக்கிறது. செம்பு முனையில் பச்சையாகப் படியும் களிம்பு, வெளியே தெரியாமல் பிளக்குக்குள் வளரும். விமானம் மேசையில் ஒழுங்காக வேலை செய்யும். மேலே போய் மோட்டார் அதிர்ந்தவுடன் தொடர்பு விட்டுவிட்டு வரும்.

வீட்டில் காய்ந்த இடம் அடுப்புக்கு மேலே இருக்கும் பரண் என்று நினைத்து விமானத்தை அங்கே வைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். விறகுப் புகையின் கரி பிசுபிசுப்பாக ஒட்டி, ஈரத்தையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரப்பர் மூடியுள்ள பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி ஒன்று போதும். அதற்குள் ரிசீவர், டிரான்ஸ்மிட்டர், மிச்ச சேர்வோக்கள், அவற்றோடு சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். சப்பாத்துப் பெட்டியிலும் பைகளிலும் வருவதைச் சேர்த்து வைத்தாலே நிறையக் கிடைக்கும். நிறம் மாறும் வகையாக இருந்தால், நிறம் மாறியதும் பொட்டலத்திலிருந்து கொட்டி, சமையலுக்குப் பாவிக்காத பழைய தகர டின்னில் மெல்லிய சூட்டில் காய வைத்தால் மறுபடி பழைய நிறத்துக்கு வரும். பெட்டரிகளை இந்தப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம். அவற்றுக்குத் தனி இடம், செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில்.

மழைக்காலத்தில் பறக்காவிட்டாலும் இரண்டு கிழமைக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் எடுத்து இயக்குங்கள். ஒவ்வொரு பிளக்கையும் கழற்றி இரண்டு மூன்று தடவை செருகி எடுத்தால் முனைகள் ஒன்றையொன்று உரசிச் சுத்தமாகும். களிம்பு தெரிந்தால் எலெக்ட்ரோனிக் கடைகளில் கிடைக்கும் கொன்டாக்ட் கிளீனரை அடித்துப் பழைய பல்துலக்கும் தூரிகையால் தேயுங்கள். தேங்காயெண்ணெயும் மண்ணெண்ணெயும் இதற்கு ஆகாது. வயரின் செம்பே கறுத்துப் போயிருந்தால் சுத்தம் செய்ய முயலாமல் வயரையே மாற்றுங்கள். கறுப்பு உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

மவுசாக்கலை நீர்த்தேக்கத்திலோ ஓடையிலோ கானிலோ விமானம் விழுந்தால், கையில் எடுத்தவுடன் செய்ய வேண்டியது பெட்டரியைக் கழற்றுவது. 'வேலை செய்கிறதா' என்று ஒரு தடவை போட்டுப் பார்க்கும் ஆசைதான் நனைந்த ரிசீவரைக் கொல்கிறது. நனைந்தது மட்டும் கொல்வதில்லை. மேல் மூடியைத் திறந்து, சேறு இருந்தால் சுத்தமான தண்ணீரில் அலசி, பிறகு ஐசோபுரொபைல் அற்ககோலால் கழுவுங்கள். பாமசியில் 70 வீதம் என்று தருவதில் மிச்சம் தண்ணீர். அது மெதுவாகத்தான் காயும். கூடிய வீதம் கிடைத்தால் நல்லது. சேர்வோவின் அடியிலுள்ள நான்கு திருகையும் கழற்றி அதையும் திறந்து வையுங்கள். பிரஷ்லெஸ் மோட்டார் தண்ணீருக்கு அவ்வளவாகப் பயப்படாது. காய்ந்த பிறகு பெயரிங்குக்கு ஒரு துளி மெஷின் எண்ணெய்.

காய வைப்பது எப்படி என்பதை நம் ஊர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தேயிலை ஸ்டோரில் பச்சைக் கொழுந்தை வாட்டும் தட்டுகளைப் பாருங்கள். கொழுந்தின் ஈரத்தை எடுப்பது நெருப்பில்லை, அதனூடாக விடாமல் ஓடும் காற்று. ரிசீவருக்கும் அதே வைத்தியம். மேசை மின்விசிறிக்கு முன்னால் இரண்டு நாள். அரிசிக்குள் புதைப்பதில் பயனில்லை, தூசும் மாவும்தான் உள்ளே போகும். அடுப்பு வெக்கையில் வைத்தால் பிளாஸ்டிக் வளையும்.

மலை நிழல்

நம்முடைய மூடுபனி ரேடியோவை மறைக்காது. 2.4 கிகாஹேர்ட்ஸுக்குப் பனியும் மழையும் பெரிய தடையே இல்லை. மறைவது விமானம், உங்கள் கண்ணிலிருந்து. ஆனால் மலையும், நனைந்த மரக்கூட்டமும், தண்ணீர் நிறைந்த நம் உடம்பும் இந்த அலையை நன்றாகவே தடுக்கும். அலை நேர்கோட்டில் போகிறது. மேட்டைச் சுற்றி வளைந்து இறங்காது. விமானம் மேட்டின் விளிம்புக்குக் கீழே போனால், கண்ணுக்கு மறையும் அதே கணத்தில் ரேடியோவுக்கும் மறைகிறது. ஆகவே பள்ளத்தில் நின்று மேலே பறக்க விடாதீர்கள், தேயிலை வரிசைக்கு நடுவில் குந்தியிருக்காதீர்கள். சுற்றிலும் திறந்த ஒரு மேட்டில், விமானம் போகும் எல்லா இடமும் தெரியும்படி நில்லுங்கள்.

மலையருகே தூரத்தைக் கண்ணால் மதிப்பிட முடியாது என்பது இந்த ஊர் பெரும் விலை கொடுத்து அறிந்த விஷயம். 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு கொழும்பு வழியாக ஜித்தா செல்லவிருந்த மார்டின்எயார் டி.சி.-8 விமானம், கட்டுநாயக்காவில் இறங்குவதற்காகத் தாழ்ந்து வரும்போது நமது ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதை விமானிகள் தவறாகக் கணித்திருந்தார்கள். அந்த இரவைப் பற்றி இங்குள்ள பெரியவர்கள் இன்றும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறார்கள். அத்தனை கருவிகளோடு வந்தவர்களுக்கே நேர்ந்தது அது. கீழே நின்று பார்க்கும் நமக்கு, எதிர்மலைக்கு முன்னால் போகும் விமானம் அதற்கு எவ்வளவு கிட்ட இருக்கிறது என்பது தெரியவே தெரியாது. மலையை முதுகுக்குப் பின்னால் வைத்து, வானத்தை முன்னால் வைத்துப் பறக்க விடுங்கள்.

இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள். 1200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தை விட ஏறத்தாழ 11 வீதம் குறைவு. கொழும்புக் கடற்கரையில் மெதுவாக இறங்கும் அதே விமானம் இங்கே கொஞ்சம் வேகமாகத்தான் இறங்கும். பாரம் குறைந்த ரேடியோ செட்டைத் தேர்வதற்கு அது இன்னொரு காரணம்.

தூரச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். பல டிரான்ஸ்மிட்டர்களில் சக்தியைக் குறைத்துச் சோதிக்கும் வசதி இருக்கும். அதைப் போட்டு, விமானத்தை ஒருவர் பிடித்திருக்க, நீங்கள் ஏறத்தாழ 30 எட்டு வைத்துத் தள்ளிப் போய்ப் பாருங்கள். சரியான தூரம் உங்கள் செட்டின் கையேட்டில் இருக்கும். விமானத்தை நான்கு பக்கமும் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். மோட்டார் ஓடும்போதும் ஒரு தடவை. சேர்வோ துடித்தால் அன்றைக்குப் பறப்பு இல்லை.

பெயில்சேஃப் என்பது தொடர்பு விட்டால் ரிசீவர் தானாக என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளை. அது மோட்டாரை நிறுத்த வேண்டும். விலை குறைந்த சில ரிசீவர்கள் கடைசியாகக் கேட்ட கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும். முழு வேகத்தில் தொடர்பு விட்டால் முழு வேகத்திலேயே லயத்துப் பக்கம் போகும். மேசையில், காற்றாடியைக் கழற்றிவிட்டு, மோட்டார் ஓடும்போது டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். மோட்டார் நின்றால் சரி. ரிசீவரை மறுபடி இணைக்கும் ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பச் செய்யுங்கள்.

அனுமதி

2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பிறகு நாட்டில் ஆளில்லா விமானங்கள் பறப்பது தடைசெய்யப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். விதிகள் மாறக்கூடியவை. வாங்குவதற்கு முன் இலங்கை சிவில் விமான சேவைகள் அதிகாரசபையிடம் உங்கள் விமானத்தின் நிறைக்கு என்ன பதிவு, என்ன அனுமதி என்று கேட்டுவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து ரேடியோ செட் வரவழைப்பதானால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்துகை ஆணைக்குழுவின் நிபந்தனைகளையும் பாருங்கள். அணைக்கட்டுக்கும் மின்நிலையத்துக்கும் பக்கத்தில் வேண்டாம். காசல்ரீ நீர்த்தேக்கத்தில் மிதவை விமானம் இறங்குவதுண்டு, அந்தப் பக்கமும் வேண்டாம். உயர் அழுத்தக் கம்பியில் விமானம் சிக்கினால் அது போனது போனதுதான். தடியெடுத்துத் தட்டப் போகாதீர்கள்.

தோட்டத்துக்குள் பறக்க விடுவதற்குத் துரையின் சம்மதம் வேண்டும். அது கிடைத்த பிறகும் ஒன்று பாக்கி இருக்கிறது. கொழுந்துக் கூடையோடு குனிந்து நிற்கும் நம் அம்மாமார் மேலே பார்ப்பதில்லை; சுழலும் காற்றாடி முகத்தை வெட்டும். பறக்கப் போகும் காலையில் கணக்கப்பிள்ளையிடமோ கங்காணியிடமோ கேளுங்கள், இன்றைக்கு எந்த மலையில் கொழுந்து எடுக்கிறார்கள் என்று. கேட்டுவிட்டு, அந்த மலைக்கு மறுபக்கம் போய் நில்லுங்கள்.